பாயின் நாலரை கிலோ

காதர் பாய் இறந்த செய்தி எனக்குத் திங்கட்கிழமை காலை பதினோரு மணி வாக்கில் வந்தது. எங்கள் கூட்டு மருந்து மையத்தில் திங்கட்கிழமைதான் எடை பார்க்கும் நாள். வரிசை வராந்தாவைத் தாண்டி பைக்குகள் நிற்கும் இடம் வரைக்கும் போயிருந்தது. நான் எடை மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் பச்சைப் புத்தகத்திலும் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். போனில் பாயின் மனைவி மும்தாஜ் அக்கா. "செல்வி, அவரு போய்ட்டாரும்மா" என்றார். எங்கே போய்விட்டார் என்று கேட்டேன். உண்மையாகவே அப்படித்தான் கேட்டேன். பத்து மணிக்கே வந்திருக்க வேண்டிய மனிதர் வழக்கம்போல டிமிக்கி கொடுத்துவிட்டு எந்த லாரிக்கோ தார்ப்பாய் தைக்கப் போய்விட்டார் என்று நினைத்து, திட்டுவதற்கு வாயைத் திறந்தும் விட்டேன்.

விடிந்ததிலிருந்து நெஞ்சை என்னவோ அடைக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். வலி இல்லை, வேர்வை மட்டும். வாய்வு என்று அவரே முடிவு செய்து, அவரே எதிர்க் கடைக்குப் போய் ஒரு பன்னீர் சோடா குடித்து, ஏப்பம் வந்துவிட்டது, சரியாகிவிட்டது என்று அவரே அறிவித்தும் விட்டார். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, எங்கள் மையத்துக்கு வருவதற்காகப் பஸ்ஸுக்கு நின்றவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஆம்புலன்ஸில் கொண்டுபோனபோது டாக்டர்கள் செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு சில சமயம் வலிக்காமலே வரும் பாய், வெறும் வேர்வையாகத்தான் வரும் என்று அவரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அழுகை எனக்கு மறுநாள்தான் வந்தது. முதலில் வந்தது கோபம். இதை எழுதும்போதும் அதுதான் முன்னால் வந்து நிற்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாயைத் தெரிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எச்.ஐ.வி.யோடு வாழ்ந்துகொண்டு நம் மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள், கம்பெனி வாசலில் நின்று அவர் பேச்சைக் கேட்டவர்கள், அவர் கையைப் பிடித்து முதல் முறை எங்கள் மையத்தின் படி ஏறியவர்கள். அவருக்கு இருந்த வியாதியைப் பெயர் சொல்லி எழுதலாமா என்று மும்தாஜ் அக்காவிடம் கேட்டேன். "ஊருக்கே மைக்கு போட்டுச் சொன்ன ஆளு. இப்ப நீ மறைச்சா எந்திரிச்சி வந்து உன்னையத்தான் திட்டுவாரு. எழுது. ஆனா எல்லாத்தையும் எழுது" என்றார். அவர் மறைத்ததையும் சேர்த்து எழுதச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டி அவருடைய கடை. லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பார், கிழிந்ததை ஒட்டுவார், கயிறு விற்பார். தார்ப்பாயின் ஓரத்தில் கயிறு கோப்பதற்குப் பித்தளை வளையம் அடிப்பார்கள் இல்லையா, அது அவர் கடையில் டின் டின்னாக இருக்கும். கன்னடத்தில் பேரம் பேசுவார், தெலுங்கில் திட்டுவார், காசு வாங்கும்போது தமிழுக்கு வந்துவிடுவார். இடுப்பில் எப்போதும் பை வைத்த அகலமான பச்சை பெல்ட். மதுரைப் பக்கத்திலிருந்து ஆலோசகர் வேலைக்கு நான் இங்கே வந்த முதல் வாரத்தில், அவர் யாரென்று தெரியாமல், அவரை உட்காரவைத்து அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். கிருமி என்றால் என்ன, மாத்திரை என்ன செய்யும், ஏன் ஒரு நாளும் விடக்கூடாது. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். முடிந்ததும், "நல்லா சொல்றீங்க செல்விம்மா. ஆனா 'பயப்படாதீங்க, பயப்படாதீங்க'ன்னு இருவது வாட்டி சொல்லிட்டீங்க. எனுக்கு இப்பத்தான் பயமா இருக்குது" என்றார். அந்த மாத்திரையை அவர் நான் பள்ளிக்கூடம் படிக்கிற காலத்திலிருந்தே விழுங்குகிறார் என்று பக்கத்து அறை நர்ஸ் சொல்லித்தான் தெரிந்தது.

சட்டைப் பையில் லேமினேட் செய்த ஒரு புகைப்படம் வைத்திருப்பார். கன்னம் ஒட்டி, கண் குழிக்குள் போய், கையில் நரம்பு புடைத்த ஒரு ஆள். அந்தக் காலத்து மாத்திரைகளில் ஒன்றிரண்டு அப்படித்தான். உயிரைக் காப்பாற்றின, முகத்துச் சதையைக் கரைத்துவிட்டன. முகத்தைப் பார்த்தே ஊர் கண்டுபிடித்துவிடும். லாரிக்காரர்கள் கடைப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள், கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்தால் பக்கத்து இடம் காலியாகவே கிடக்கும் என்று மும்தாஜ் அக்கா சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தைத்தான் அவர் ஆயுதமாக எடுத்தார். ஓசூர்க் கம்பெனி வாசல்களில் ஷிப்ட் மாறும் நேரத்தில் நாங்கள் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டால், நான் பத்து நிமிஷம் பேசுவதை யாரும் கேட்க மாட்டார்கள். பாய் மைக்கை வாங்குவார். படத்தைத் தூக்கிப் பிடித்து, "இதுவும் நாந்தான்" என்பார். அப்புறம் வயிற்றில் பொத்தென்று ஒரு தட்டு தட்டி, "இதுவும் நாந்தான். நடுவுல ஒண்ணும் இல்ல, தெனமும் மாத்திர. அவ்ளோதான்" என்பார். கூட்டம் சிரிக்கும். அடுத்த வாரம் அந்தக் கூட்டத்திலிருந்து ஒருத்தர், ரெண்டு பேர் முகத்தை மூடிக்கொண்டு எங்களிடம் வருவார்கள். தென் மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து, பத்துப் பேர் தங்கும் அறையில் மாத்திரையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் நின்றவர்கள் பலருக்கு அவர் கடையில்தான் டப்பா இருந்தது.

இனி எங்கள் மையத்தின் கைதட்டலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முனியம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் அவர் பெயரை எழுதுகிறேன். நாட்றாம்பாளையத்தில் காட்டோரம் ராகி போடுகிற முனியம்மா மாத்திரையைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டோடு படுத்துவிட்டார். எங்கள் போனை எடுக்கவில்லை. பாய் தேன்கனிக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து மலைக்கு இன்னொரு பஸ் என்று ஏறிப் போய், அந்த அம்மாவின் வீட்டு வாசலில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் தன் மத்தியான மாத்திரையை அவர் கண் முன்னால் விழுங்கிவிட்டுத் தண்ணீர் கேட்டாராம். மூன்றாவது முறை போனபோது முனியம்மா கூடவே கிளம்பி வந்துவிட்டார். அன்று அவர் எடை முப்பத்தொரு கிலோ. அடுத்த மாதம் முப்பத்து மூன்று. நான் எண்ணைச் சத்தமாகச் சொன்னதும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பாய் கை தட்டினார். வரிசை மொத்தமும் தட்டியது. முனியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து எங்கள் மையத்தில் யாருக்கு எடை கூடினாலும் கை தட்டுவது வழக்கமாகிவிட்டது. நான் புத்தகத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு நட்சத்திரம் வேறு போடுவேன். முட்டை சாப்பிடுங்கள், வேர்க்கடலை சாப்பிடுங்கள், நெய் விட்டுக்கொள்ளுங்கள், வயிறு நிறையச் சாப்பிடுங்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் நான் சொன்னதை யாராவது டேப் செய்து இன்று போட்டுக் காட்டினால் எழுந்து ஓடிவிடுவேன்.

ஏனென்றால் சில வருஷங்களுக்கு முன் மாத்திரை மாறியது. நல்ல மாத்திரைதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று, பழையதுபோல் தலை சுற்றாது, கிருமி சீக்கிரமாக அடங்குகிறது. ஆனால் பலருக்கு எடை சரசரவென்று ஏறியது. பாய் ஐம்பத்தெட்டிலிருந்து கிளம்பி எழுபத்தாறில் போய் நின்றார். ஒவ்வொரு கிலோவுக்கும் கை தட்டினோம். அவர் மெஷினிலிருந்து இறங்கி இரண்டு பக்கமும் கும்பிடு போடுவார். உங்களில் சிலருக்கும் அப்படித்தான் ஏறியது. ஒருத்தருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. இளைத்தால்தானே நம் ஆட்களுக்குப் பயம்? சதை போட்டால், ஊர் வாயை அடைத்தாயிற்று என்று நிம்மதி. அந்த நிம்மதிக்கு நான் நட்சத்திரம் போட்டுக்கொண்டே இருந்தேன்.

எங்கள் டாக்டரம்மாதான் முதலில் முகம் சுளித்தார். பாயின் வயிற்றைப் பார்த்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்தார், சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் எழுதிக் கொடுத்தார். மூன்றும் எகிறியிருந்தன. நான் ரிசல்ட்டைக் கையில் கொடுத்தபோது பாய் சிரித்துக்கொண்டே மடித்துப் பெல்ட் பைக்குள் வைத்தார். "சுகரு இல்லாதவன் இந்த ஊர்ல எவன் இருக்கான்?" என்றார். சரி, சாதாரணமாகத்தான் எடுத்துக்கொள்கிறார், மருந்து சாப்பிடுவார் என்று நானும் நம்பினேன். கிளம்பும்போது, வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, இது நம் இரண்டு பேருக்குள்ளேயும் டாக்டரம்மாவுக்குள்ளேயும் இருக்கட்டும், மும்தாஜுக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்றார். எச்.ஐ.வி. இருக்கிறது என்று ஆயிரம் பேருக்கு நடுவில் மைக்கில் சொன்னவர், சர்க்கரையை மறைக்கச் சொல்கிறார்! எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சர்க்கரை டாக்டர் இருப்பது அடுத்த கட்டடம். நடந்தால் இரண்டு நிமிஷம். ஆனால் அங்கே வேறு சீட்டு, வேறு வரிசை, வேறு நாள். எங்கள் புத்தகத்தை அவர்கள் பார்ப்பதில்லை, அவர்கள் சீட்டை எங்களிடம் யாரும் கொண்டு வருவதில்லை. இதைச் சரி செய்யுங்கள் என்று நான் எழுதிய கடிதங்கள் எந்த அலமாரியில் தூங்குகின்றனவோ. பாயைத் தனியாக அனுப்பினால் டீக்கடையோடு திரும்பிவிடுவார் என்று நானே கூட்டிக்கொண்டு போனேன். அந்த டாக்டர் நல்ல மாதிரி. எழுதிக்கொண்டே, "வேற எதாவது மாத்திரை ரெகுலரா சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். பாய் கொஞ்சமும் யோசிக்காமல், "இல்லீங்க" என்றார். நான் பக்கத்தில் நிற்கிறேன். அவர் அனுமதி இல்லாமல் நான் வாயைத் திறக்க முடியாது, அது என் வேலையின் முதல் சட்டம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் வேப்ப மரத்தடியில் பிடித்துக்கொண்டேன். நம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை மாத்திரையை அளவு பார்த்துத்தான் கொடுக்க வேண்டும், ஒன்றுக்கொன்று சேராமல் போகலாம், அந்த மனிதருக்கு எப்படித் தெரியும், நீங்கள் என்ன பச்சைக் குழந்தையா என்று சத்தம் போட்டேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, அன்று சொன்னதை நான் இன்னும் வார்த்தை மாறாமல் வைத்திருக்கிறேன்.

"செல்விம்மா, நான் கிருமிக்கு வெக்கப்பட்டு மறைக்கல. அந்த டாக்டரு பாட்டுக்கு 'உன் மாத்திரயாலதான் சுகரு வந்துச்சி'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா? அது வெளிய வந்துடும். வந்துட்டா முனியம்மா டப்பாவ மூடி வெச்சிடும். என் ஒடம்பப் பாத்துத்தான் அவுங்கல்லாம் முழுங்கறாங்க. இந்த ஒடம்புல ஓட்ட இருக்குதுன்னு நானே சொல்லலாமா?"

எவ்வளவு நல்ல எண்ணம், எவ்வளவு மடத்தனம்! மாத்திரை மட்டும் காரணமில்லை பாய் என்றேன். ஐம்பது வயதைத் தாண்டிவிட்டது. நாள் பூராவும் தையல் மெஷினில் உட்கார்ந்த வேலை. மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ நாளைக்கு எட்டு. இத்தனை வருஷம் உடம்புக்குள் கிருமி இருந்ததே ரத்தக் குழாய்களுக்கு ஒரு தேய்மானம். இதில் மாத்திரையின் பங்கு எவ்வளவு என்று டாக்டரம்மாவாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. எதுவாக இருந்தால் என்ன, நம் மாத்திரையை விடவே கூடாது, சர்க்கரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டும் முடியும், எத்தனையோ பேர் செய்கிறார்கள் என்றேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியும். கம்பெனி வாசல்ல நிக்கிறவனுக்கு ரெண்டு நிமிசத்துல நீங்க புரிய வைப்பீங்களா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்று பதில் வந்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் அவர் செய்த கூத்தை எல்லாம் எழுதினால் ஒரு புத்தகம் ஆகும். வெறும் வயிற்றோடு வாருங்கள், ரத்தம் எடுக்க வேண்டும் என்றால் நான்கு இட்லி, ஒரு வடை முடித்துவிட்டு வந்து நிற்பார். ஏன் பாய் என்றால், "மாத்திர போடறதுக்கு முன்னாடி வயிறு நெறைய சாப்பிடணும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க" என்பார். அது பழைய மாத்திரைக்கு, மாறி எத்தனையோ காலமாயிற்று என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சர்க்கரை மாத்திரை எங்கே என்றால் கடையில் இருக்கிறது என்பார். நான் கடைக்கே போய்ப் பார்த்தால், பித்தளை வளைய டின்னுக்குள் அட்டை பிரிக்காமல் கிடக்கும். யாரோ கொடுத்த நாவல் கொட்டைப் பொடியை மோரில் கலக்கிக் குடித்துவிட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்பார். அதே ஆள், யாராவது எச்.ஐ.வி. மாத்திரையை ஒரு நாள் விட்டுவிட்டேன் என்று சொன்னால், ஓசூர் பஸ் ஸ்டாண்டு என்றும் பார்க்காமல் நிற்க வைத்துத் திட்டுவார். அவருடைய சொந்தக் கிருமிக் கணக்கு கடைசி வரைக்கும் "தென்படவில்லை" என்றுதான் வந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டே செத்தார்.

போன வருஷம் அவர் முகம் மாறியது. கழுத்துக் காலருக்குள் இரண்டு விரல் போகும் இடம். அடிக்கடி பாத்ரூம், ஓயாத தாகம். பாய், இளைக்கிறீர்கள், கட்டுப்படாத சர்க்கரைதான் இப்படி உருக்கும் என்றேன். "மெஷினு என்னா சொல்லுது?" என்றார். மெஷின் எழுபத்தாறு என்றது. அடுத்த மாதமும் எழுபத்தாறு. அதற்கடுத்த மாதமும் எழுபத்தாறு. எட்டு மாதமாக ஒரு மனிதர் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் எழுபத்தாறிலேயே நிற்கிறார், அது எனக்கு உறைக்கவில்லை. கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டு மெஷினை நம்பினேன். தொண்டைக் குழி தெரிகிற ஒரு ஆளுக்கு முன்னால் உட்கார்ந்து, "எடை நிலையாக உள்ளது, நன்று" என்று என் கையாலேயே எழுதினேன்.

அவர் போன மூன்றாம் நாள் குருபரப்பள்ளிக்குப் போயிருந்தேன். ஓதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு மும்தாஜ் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு, பீரோவிலிருந்து பச்சை பெல்ட் ஒன்றை எடுத்தார். இரண்டு கையாலும் தூக்கி என் மடியில் வைத்தார். கனம் என்றால் அப்படிக் கனம். "ஆஸ்பத்திரியில நர்ஸம்மா இத கழட்டனப்ப டங்குனு கீழ வுழுந்துச்சி. சில்லறன்னு நெனச்சேன். தொறந்து பாரு" என்றார். உள்பக்கம் தார்ப்பாய்த் துணியில் ஒரு நீளமான பை, அவருடைய இரட்டைத் தையல். அது முழுக்கப் பித்தளை வளையங்கள். கொட்டிப் போகாமல் வரிசையாக அடுக்கி, வயிற்றுப் பக்கம் கொஞ்சம் தூக்கலாக வைத்துத் தைத்திருந்தார். "உன்கிட்ட வர்ற திங்கக்கெழமயும், மைக்கு புடிக்கப் போற நாளும் மட்டும் இத கட்டுவாரு. மத்த நாளெல்லாம் பழைய பெல்ட்டுதான். என்னாத்துக்குன்னு கேட்டா, ராசின்னாரு" என்றார் அக்கா.

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் பார்த்த கணமே புரிந்துவிட்டது. சொல்ல வேண்டிய வேலையும் எனக்கே வந்தது. சர்க்கரை, அதை மறைத்தது, ஏன் மறைத்தது, எனக்குத் தெரிந்திருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். எடை குறைந்தது தெரியாமலிருக்க, மாதா மாதம் குறைந்த அளவுக்கு வளையம் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார் என்றேன். மும்தாஜ் அக்கா முதலில் சிரித்துவிட்டார். "தராசுக்கே தார்ப்பாய் போட்டிருக்கான் பாரு இந்தாளு" என்றார். அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். உனக்குத் தெரிந்ததை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டார். சட்டம் அது இது என்று நான் என்னவோ பதில் சொன்னேன். அந்த வீட்டில், அந்த நேரத்தில், அந்தப் பதில் எனக்கே பிடிக்கவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள், அன்று நடந்தது உங்களுக்குத் தெரியும். வராதவர்களுக்காகச் சொல்கிறேன். முனியம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு கிலோ முனியம்மா இல்லை, அறுபத்து நான்கு கிலோ முனியம்மா. நான் இரங்கல் சொல்ல ஆரம்பிப்பதற்குள் அவர் எழுந்துவிட்டார்.

"மேடம், நாலு நாளா நான் மாத்திர போடல. பாய விட ஒழுங்கா முழுங்கனவங்க யாரு? அவரே பொட்டுனு பூட்டாரு. அந்த மாத்திரதான கொன்னுச்சி? நெஜத்த சொல்லுங்க."

எதற்குப் பயந்து அந்த மனிதர் தன்னையே மறைத்தாரோ, அதுவே நடந்துகொண்டிருந்தது. உயிரையும் கொடுத்து, டப்பாவையும் மூட வைத்துவிட்டாரே என்று எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. பின்னால் இரண்டு மூன்று பேர் தலையைக் குனிந்துகொண்டதைப் பார்த்தேன், அவர்களும் விட்டிருக்கிறார்கள். வேப்ப மரத்தடியில் எனக்கு வராத பதிலை இப்போது சொல்லியே ஆக வேண்டும். மும்தாஜ் அக்கா கூட்டத்தில்தான் இருந்தார். அவரைப் பார்த்தேன். சொல்லு என்று தலையசைத்தார்.

எடை மெஷினை இழுத்து நடுவில் வைத்தேன். பையிலிருந்து பெல்ட்டை எடுத்து அதன் மேல் போட்டேன். நாலரை கிலோ என்று காட்டியது. இதுதான் பாய், நாம் எட்டு மாதமாகப் பார்த்த எடையில் இவ்வளவும் பித்தளை என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன். மாத்திரை அவரைக் கொல்லவில்லை, இத்தனை வருஷம் வாழ வைத்தது. கொன்றது மாரடைப்பு, அதற்கு வழி விட்டது பார்க்காமல் விட்ட சர்க்கரையும் ரத்த அழுத்தமும். மாத்திரை சிலருக்கு எடையைக் கூட்டும், சர்க்கரை வருவதற்கும் கொஞ்சம் துணை போகலாம், அதை உங்களிடம் நாங்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். கூடின ஒவ்வொரு கிலோவுக்கும் கை தட்டியது நான். என் மேல் கோபப்படுங்கள், மாத்திரை மேல் படாதீர்கள் என்றேன். என் குரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, பின் வரிசையிலிருந்து யாரோ தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள்.

முனியம்மா நடந்து வந்து பெல்ட்டைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையாலும் பிடித்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தார். "இத்தினி கனத்த கட்டிக்கினா மனுசன் நம்ம முன்னாடி நின்னு சிரிச்சாரு?" என்றார். பெல்ட்டை மெஷின் மேல் மறுபடி வைத்துவிட்டு, கையை என் பக்கம் நீட்டினார். "எனுக்கும் சுகரு பாருங்க. இப்பவே பாருங்க." அவருக்குப் பின்னால் தலை குனிந்திருந்தவர்களும் எழுந்து வந்து நின்றார்கள். அன்று சாயந்தரம் வரைக்கும் விரலில் குத்திக் குத்தி என் கை மரத்துப்போனது. முனியம்மாவுக்குச் சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. எங்கள் மாத்திரையையும் அன்றே என் முன்னால் விழுங்கிவிட்டுத்தான் நாட்றாம்பாளையம் பஸ்ஸுக்குப் போனார். மறு வாரம் சர்க்கரை டாக்டரிடம் நான் கூடப் போனேன். வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்டதும், முனியம்மா பச்சைப் புத்தகத்தை மேஜை மேல் வைத்து, "இது சாப்பிடறனுங்க. இதுக்கும் ஒத்துப்போற மாதிரி எழுதுங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பாயிடமிருந்து கேட்பதற்கு நான் எவ்வளவு கெஞ்சியிருப்பேன்.

போன திங்கட்கிழமை முனியம்மா மெஷினில் ஏறினார். அறுபத்திரண்டு. இரண்டு கிலோ குறைவு, நடந்தும் களி அளவைக் குறைத்தும் குறைத்தது. நான் எண்ணைச் சத்தமாகச் சொன்னேன். வரிசையில் ஒருத்தருக்கும் என்ன செய்வது என்று தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முனியம்மா இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டு எங்களைச் சுற்றிப் பார்த்தார். "என்னா, தட்ட மாட்டீங்களா?" என்றார். தட்டினோம்.

பாய் எனக்கு விட்டுப்போனது என்ன என்று கேட்டால், அந்த பெல்ட். மும்தாஜ் அக்கா என்னிடமே கொடுத்துவிட்டார், எடை மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் அது என்ன என்று கேட்கிறார்கள், நான் சொல்கிறேன், சொல்லிவிட்டுத்தான் ஏறச் சொல்கிறேன். இன்னொன்று, இந்தக் கோபம். அதை ஆற விடப்போவதில்லை, எனக்கு வேலைக்கு ஆகிறது. மூன்றாவது, அவருடைய பச்சைப் புத்தகம். இறந்தவர்களின் புத்தகத்தை மூடி அலமாரியில் வைக்க வேண்டும் என்பது விதி. மூடுவதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். எழுபத்தாறு, நன்று, என் கையெழுத்து. அதை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் எழுபத்தொன்றரை என்று எழுதி, இன்றைய தேதி போட்டு, கீழே மறுபடி கையெழுத்துப் போட்டேன்.